கெயின்ஸ்பரோ பழைய மாளிகை: இரண்டு மருமகள்கள், ஒரு தாய், ஒரு சாபம்

கெயின்ஸ்பரோவுக்கு நான் போனதே வேறு வேலையாக. 1620ல் மேஃபிளவர் கப்பலேறி அமெரிக்கா போனவர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கதை தொடங்கிய ஊர்களில் இதுவும் ஒன்று. லிங்கன் நகரில் தங்கியிருந்தேன், அங்கிருந்து ரயிலில் அரைமணி நேரம்கூட இல்லை. மதியம் போய்ப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. திரும்பியும்விட்டேன். ஆனால் அன்றிரவு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் மேஃபிளவர் பற்றி ரெண்டு பக்கம்தான் இருக்கிறது, ஒரு மாமனாரைப் பற்றிப் பதினோரு பக்கம்!

அந்தப் பதினோரு பக்கம்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர். டிரென்ட் நதியின் கிழக்குக் கரையில் இருக்கிற சந்தை நகரம். நதிக்கு இந்தப் பக்கம் லிங்கன்ஷயர், அந்தப் பக்கம் நாட்டிங்ஹாம்ஷயர். கடல் ஏற்றத்தின்போது வெள்ளம் அலையாகத் திரண்டு நதியில் எதிர்த்திசையில் ஏறிவரும். ஈகர் என்பது அதற்கு உள்ளூர்ப் பெயர். 1013ல் டென்மார்க் அரசன் ஸ்வேன் இந்த நதிவழியாகத்தான் கப்பல்களோடு வந்து இங்கே இறங்கினான். அந்த வருடக் கடைசியில் இங்கிலாந்து முழுக்க அவனை அரசனாக ஏற்றுக்கொண்டது. ஆனால் 1014 பிப்ரவரியிலேயே இதே ஊரில் செத்துப்போனான். மொத்தம் சில வாரம் அரசன். அவனுடைய மகன்தான் புகழ்பெற்ற கனூட்.

நம் ஆட்களுக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1848ல் இங்கே தொடங்கிய மார்ஷல் கம்பெனி நீராவி எஞ்சின்களுக்குப் பேர்போனது. அவர்கள் செய்த இன்னொரு சரக்கு தேயிலை எந்திரங்கள். வில்லியம் ஜாக்சன் என்பவர் வடிவமைத்த கொழுந்து முறுக்கும் ரோலர்கள் இங்கே வார்க்கப்பட்டு அசாமுக்கும் இலங்கை மலையகத்துக்கும் போயின. மலையகத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கொண்டுபோய்க் கொட்டிய எந்திரங்களில் கெயின்ஸ்பரோ என்ற பெயர் இரும்பில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்தத் தொழிற்சாலை இருந்த இடம் 2007 முதல் கடைவளாகம். நானும் அங்கேதான் ஒரு டீ குடித்துவிட்டு மாளிகைக்கு நடந்தேன்.

மாளிகை ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. மதில், அகழி, நீண்ட மரச்சாலை என்று எதையாவது எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். சுற்றிலும் சாதாரணத் தெரு, சாதாரண வீடு, நடுவில் புல்வெளி. அதன்மேல் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாக ஒரு பெரிய கட்டடம், ஒரு மூலையில் செங்கல் கோபுரம். நடுவில் பெருங்கூடம், இரண்டு பக்கமும் நீளும் இரண்டு சிறகு, தெற்கே திறந்த முற்றம். மேலே பார்த்தால் ஒரு நேர்க்கோடுகூடக் கண்ணில் படவில்லை. ஐந்நூறு வருடத்தில் ஓக் மரம் தன் இஷ்டத்துக்கு வளைந்துகொண்டிருக்கிறது.

கட்டியவர் சர் தாமஸ் பரோ. எழுதுவது வேறு மாதிரி, உச்சரிப்பது பரோ. பழைய ஆவணங்களில் எழுத்தும் பல மாதிரி வரும். 15ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், ரோஜாப் போர்கள் என்று சொல்லப்படும் அரியணைச் சண்டைக் காலத்தில், பெரிய ஆளாக வளர்ந்தவர். நான்காம் எட்வர்டின் குதிரை லாயப் பொறுப்பு அவரிடம் இருந்தது. அரசனுக்கு அவ்வளவு நெருக்கமானவனை அக்கம்பக்கத்துப் பெரிய குடும்பங்கள் சும்மா விடுமா? 1470ல் வெல்ஸ் பிரபுவின் ஆட்கள் வந்து பரோவை ஊரைவிட்டே துரத்தினார்கள். வீட்டை இடித்துப் பொருட்களை அள்ளிக்கொண்டு போனதாக அக்கால நாளாகமம் சொல்கிறது. அந்த உள்ளூர்ச் சண்டை அரசனுக்கு எதிரான கலகமாகவே முற்றியது. மார்ச் 12 அன்று அரசன் நேரில் வந்து கலகத்தை நொறுக்கினான். வெல்ஸ் அப்பா, மகன் இரண்டுபேருக்கும் தலைபோனது. பரோ திரும்பிவந்தார்.

மேனர் என்ற சொல்லை நாம் வெறும் பெரிய வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. நிலம், அதில் உழைக்கிற குடியானவர்கள், சந்தையில் வசூலிக்கிற வரி, சில்லறை வழக்குகளைத் தீர்க்கிற பிரபுவின் சொந்த நீதிமன்றம் எல்லாம் சேர்ந்ததுதான் மேனர். வீடு அதனுடைய தலைமை அலுவலகம் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வருவது வசிப்பறையில்லை, அத்தனை பேரையும் உட்கார வைத்துச் சோறு போடுகிற பெருங்கூடம்.

கூடத்தில் நுழைந்து தலையைத் தூக்கினால் கூரை ஒரு கவிழ்த்த கப்பல் மாதிரி இருக்கிறது. வளைந்த ஓக் தாங்கிகள் இரண்டு பக்கமிருந்தும் எழுந்து நடுவில் சேர்கின்றன. முதலில் புகைபோக்கி கிடையாது. தரையின் நடுவில் அடுப்பு, புகை தானாக மேலே போய்க் கூரைத் திறப்பு வழியாக வெளியேற வேண்டும். ஒரு கோடியில் உயர்ந்த மேடை. பிரபு குடும்பம் அங்கே உட்காரும், பக்கத்தில் கல்லில் செதுக்கிய ஒரு பெரிய துருத்துசாளரம், வெளிச்சம் சரியாக அவர்கள் முகத்தில் விழுகிற மாதிரி. மறுகோடியில் மூன்று கதவு. ஒன்று ரொட்டி அறைக்கு, இன்னொன்று மதுப் பீப்பாய் அறைக்கு, நடுக்கதவு சமையற்கட்டுக்குப் போகும் பாதைக்கு. இந்தப் பீப்பாய் அறையை ஆங்கிலத்தில் பட்டரி என்பார்கள். வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பீப்பாய்க்குப் பட் என்று பெயர். நானும் ரொம்ப நாள் வெண்ணெய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமையற்கட்டைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் இடைக்காலச் சமையற்கட்டு இவ்வளவு முழுசாக மிஞ்சியிருக்கும் இடங்கள் மிகக் குறைவு. தீப்பிடித்தால் வீடே போய்விடும் என்று கூடத்திலிருந்து தள்ளிக் கட்டி நடைபாதையால் இணைத்திருக்கிறார்கள். ஒரு முழு மாட்டை வைத்துச் சுடுகிற அளவுக்கு இரண்டு பெரிய அடுப்பு, தனியாக ரொட்டி அடுப்பு, மேலே புகையும் வெக்கையும் போக உயரமான கூரை. நான் அந்த அடுப்புக்குள்ளேயே போய் நின்று பார்த்தேன். கையைத் தூக்கினாலும் மேலே எட்டவில்லை. அன்றைக்கு இங்கே வேலைசெய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெரிய வீட்டுச் சமையல் அந்தக் காலத்தில் ஆண்கள் தொழில்.

மேற்குச் சிறகு விருந்தாளிகளுக்கும் பெரிய பணியாளர்களுக்கும். ஒவ்வொரு அறைக்கும் சொந்தமாகக் கணப்பும் கழிப்பிடமும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்பது, குளிர்காலத்தில் ஒருநாள் அங்கே நின்று பார்த்தால் புரியும்.

இங்கே வந்து தங்கிய அரசர்களைப் பற்றிச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். மூன்றாம் ரிச்சர்ட் 1483 அக்டோபர் 10 அன்று இங்கே தங்கினான். மறுநாள் லிங்கன் போய்ச் சேர்ந்தபோதுதான் தன் நெருங்கிய கூட்டாளி பக்கிங்ஹாம் பிரபு தனக்கு எதிராகக் கிளம்பிவிட்ட செய்தி அவனுக்குக் கிடைத்தது. அவனுக்கு நிம்மதியான கடைசி ராத்திரிகளில் ஒன்று இந்த வீட்டில் கழிந்தது என்று சொல்லலாம். 1485ல் ரிச்சர்ட் போரில் செத்ததும் பரோ சத்தமில்லாமல் புது அரசன் ஏழாம் ஹென்றியின் பக்கம் போய்விட்டார், 1487ல் பிரபு பட்டமும் வாங்கிவிட்டார். மூன்று அரசர்களுக்குச் சேவகம் செய்து படுக்கையில் சாகிறது அந்தக் காலத்தில் சாதாரணத் திறமை இல்லை.

1541 ஆகஸ்டில் எட்டாம் ஹென்றி வடக்கே பெரிய ஊர்வலமாகப் போனபோது ஐந்தாவது மனைவி கேத்தரின் ஹோவர்டோடு இங்கே தங்கினான். ஆறே மாதத்தில், 1542 பிப்ரவரி 13 அன்று, அவள் தலையை வெட்டினார்கள். இதைச் சொன்ன தன்னார்வ வழிகாட்டி அம்மா, வயது எழுபதுக்கு மேல் இருக்கும், கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எல்லோரும் வந்துட்டுப் போன ராணியைத்தான் கேட்கிறாங்க. இங்கேயே குடும்பம் நடத்தின ராணியை யாரும் கேட்கிறதில்லை" என்றார்.

கேட்டேன்.

அவர் சொன்னது கேத்தரின் பார். ஹென்றியின் ஆறாவது மனைவி, அவனுக்குப் பின்னும் உயிரோடு இருந்தவள். ஆனால் ஹென்றி அவளுக்கு மூன்றாவது கணவன். முதல் கணவன் இந்த வீட்டுப் பிள்ளை, எட்வர்ட் பரோ. 1529ல், பதினாறு பதினேழு வயதில், இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள்.

இதில் ஒரு பழைய குழப்பம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் ராணிகளின் வரலாறு எழுதியவர்கள் கேத்தரினைப் புத்தி பேதலித்த ஒரு கிழப் பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று உருகி உருகி எழுதினார்கள். பின்னால் வந்த பல புத்தகங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. புத்தி பேதலித்தவர் ஒருவர் இருந்தது உண்மைதான். ஆனால் அவர் இன்னொரு எட்வர்ட், மாப்பிள்ளையின் தாத்தா. 1528லேயே இறந்துவிட்டார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்ததால் வந்த வினை. கேத்தரின் கட்டிக்கொண்டது இருபதுகளில் இருந்த இளைஞனை.

அவளுக்கு வாய்த்த கஷ்டம் மாப்பிள்ளை இல்லை, மாமனார். கட்டியவரின் பேரன், அவர் பெயரும் தாமஸ் பரோ. 1529 டிசம்பரில் பாராளுமன்றத்துக்கு அழைக்கப்பட்டு முறையாகப் பிரபு ஆனவர். புதிய மதக் கருத்துகளில் ஆர்வம், அரசவையில் செல்வாக்கு, கூடவே பயங்கர முன்கோபம். வளர்ந்த பிள்ளைகள்கூட அவர் முன்னால் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆன் பொலினுக்கு அரண்மனை மேலாளராக இருந்தார். 1536ல் அதே ஆன் பொலின்மீது விசாரணை நடந்தபோது அவள் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன பிரபுக்களின் வரிசையில் இவரும் உட்கார்ந்திருந்தார். அதே வருடம் அக்டோபரில் லிங்கன்ஷயர் மக்கள் வரிக்கும் மடங்களை மூடியதற்கும் எதிராகக் கிளம்பியபோது, கேஸ்டர் என்ற ஊரில் கூட்டத்தைப் பார்த்ததும் நல்ல குதிரையாகப் பார்த்து ஏறித் தப்பித்துவிட்டார். பின்தங்கிய அவருடைய வேலைக்காரன் கூட்டத்திடம் மாட்டிக்கொண்டான். அடித்தே கொன்றுவிட்டார்கள்.

இந்த மனிதரின் கூரைக்குக் கீழே கேத்தரின் ஓராண்டோ சற்று மேலோ இருந்தாள். பிறகு கணவனும் மனைவியும் கிர்ட்டன் என்ற ஊரில் தனிக்குடித்தனம் போனார்கள். 1533ல் எட்வர்ட் இறந்துபோனான், குழந்தை இல்லை. அவள் லாட்டிமர் பிரபுவைக் கட்டினாள், அவரும் இறந்தபிறகு 1543 ஜூலை 12 அன்று ஹென்றியைக் கட்டினாள். 1545ல் பிரார்த்தனை நூல் ஒன்று வெளியிட்டாள். இங்கிலாந்தில் ஒரு பெண் தன் சொந்தப் பெயரைப் போட்டு ஆங்கிலத்தில் அச்சிட்ட முதல் புத்தகமாக அதைச் சொல்வார்கள்.

சரி, இவள் கதை தெரிந்த கதை. நோட்டில் பக்கங்களை நிரப்பியது இன்னொரு மருமகள்.

அவள் பெயர் எலிசபெத். மாமனாரின் இன்னொரு மகன் தாமஸின் மனைவி (ஆமாம், அவனும் தாமஸ்தான். இந்தக் குடும்பத்துக்குப் பெயர்ப்பஞ்சம்). அவள் அப்பா சர் டேவிட் ஓவன். டேவிட், ஓவன் டியூடருக்கு முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அந்த ஓவன் டியூடர்தான் ஏழாம் ஹென்றியின் தாத்தா. ஆக எலிசபெத்தின் உடம்பில் ஓடியதும் டியூடர் ரத்தம்தான், அந்தப் பெயரில்லாத ரத்தம்.

1537 நவம்பரில் அவள் தாமஸ் குரோம்வெல்லுக்கு எழுதிய கடிதம் அரசு ஆவணங்களில் இருக்கிறது. குரோம்வெல் அப்போது அரசனுக்கு அடுத்தபடியான அதிகாரம் உள்ள அமைச்சர். அவளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்திருக்கிறது. மாமனார் அந்தக் குழந்தை தன் மகனுடையதில்லை என்கிறார். அரசனின் ஆலோசனை மன்றம் வரை விஷயத்தைக் கொண்டுபோகப் பார்க்கிறார். கணவன் என்ன செய்தான்? அப்பா சொன்னதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்க அவனுக்குத் தைரியமில்லை என்று அவளே எழுதுகிறாள். அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு முன்னூறு பக்க நாவல் படித்த மாதிரி இருந்தது. கணவன் கெட்டவன் என்றுகூட அவள் சொல்லவில்லை பாருங்கள். பயந்தவன் என்கிறாள்.

கிழவர் விடவில்லை. 1540களின் தொடக்கத்தில் பாராளுமன்றத்தில் தனிச்சட்டமே போட வைத்தார். அந்தச் சட்டப்படி எலிசபெத் பெற்ற மூன்று குழந்தைகளும், மார்கரெட், ஹம்ஃப்ரி, ஆர்தர், முறைகேடாகப் பிறந்தவர்கள். பரோ குடும்பத்துச் சொத்தில் அவர்களுக்கு ஒரு காணி நிலம்கூட உரிமையில்லை. நாட்டின் உச்ச மன்றம் கூடி மூன்று பிள்ளைகளின் தகப்பன் பெயரை அழித்தது. அவள் உண்மையில் என்ன செய்தாள், செய்யவில்லை என்பதற்குள் நான் போகவில்லை. குற்றச்சாட்டு வைத்தவரும், ஆதாரம் காட்டியவரும், பலன் அடைந்த குடும்பத்தின் தலைவரும் ஒரே ஆள் என்பது மட்டும் கண்ணை உறுத்துகிறது.

ஏறக்குறைய அதே நேரத்தில்தான் முன்னாள் மருமகள் கேத்தரின் ராணியாகிறாள். ஒரே மாமனார், ஒரே கூடம், ஒரே மேடை. ஒருத்தி இங்கிலாந்து அரியணைக்குப் பக்கத்தில், இன்னொருத்தியின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் யாருமே இல்லை. இதைக் கெட்ட மாமனார் கதையாக மட்டும் முடித்துவிட நினைத்தேன். அப்புறம்தான் கேத்தரின் பாரின் சொந்த அண்ணன்தம்பி விவகாரம் ஞாபகம் வந்தது. அவள் உடன்பிறந்த தம்பி வில்லியம் பார், தன்னைவிட்டு வேறொருவனோடு போய்விட்ட மனைவி ஆன் பௌஷியரின் பிள்ளைகளுக்கு எதிராக 1543ல் இதே மாதிரிச் சட்டம் வாங்கியிருக்கிறான்! ஆக இது ஒரு முன்கோபிக் கிழவரின் தனிக்கிறுக்கு இல்லை. அந்த வர்க்கத்து ஆண்களுக்கு அப்படி ஒரு கதவு திறந்திருந்தது, பணமும் செல்வாக்கும் இருந்தவர்கள் அதன் வழியாக நடந்துபோனார்கள்.

கூடத்தின் மேடையில் நின்று இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் உள்ளே வந்தது. அட்டைக் கிரீடம் வைத்த ஒரு பையனை எல்லோருமாக மேடையில் உட்கார வைத்து ஹென்றி, ஹென்றி என்று கத்தினார்கள். நான் இறங்கி வழிவிட்டேன்.

பரோ குடும்பம் மெதுவாகக் கரைந்தது. கடன். 1596ல் வீட்டை வில்லியம் ஹிக்மன் என்ற லண்டன் வணிகருக்கு விற்றுவிட்டார்கள். வாளால் வந்த குடும்பம் இறங்க, வியாபாரத்தால் வந்த குடும்பம் ஏறுகிறது. அந்த நூற்றாண்டின் கதையே இதுதான். இந்த வில்லியமின் அம்மா ரோஸ்தான் நான் தலைப்பில் சொன்ன தாய்.

ரோஸ் 1526ல் லண்டன் துணி வணிகர் குடும்பத்தில் பிறந்தவள். 1610ல், எண்பத்தைந்தாவது வயதில், தன் பிள்ளைகளுக்காக வாழ்க்கை நினைவுகளை எழுதிவைத்தாள். சின்ன ஆவணம்தான். ஆனால் அந்தக் காலத்துச் சாதாரணப் பெண்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைத்தது எத்தனை கிடைக்கிறது? மேரி அரசி 1553ல் வந்து நாட்டை மறுபடி கத்தோலிக்கமாக்கினாள். ரோஸும் கணவன் ஆண்டனி ஹிக்மனும் சீர்திருத்த மதத்தவர்கள், மறைந்திருந்த போதகர்களுக்கு உதவியதால் கணவன் சிறைக்குப் போனான். விடுதலையானதும் அவன் ஆன்ட்வெர்ப் போய்விட்டான், நிறைமாதமான இவள் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒதுங்கினாள்.

குழந்தை பிறந்தது. கத்தோலிக்கச் சடங்குப்படி ஞானஸ்நானம் செய்யலாமா, கூடாதா? ஆக்ஸ்ஃபோர்டில் சிறையிலிருந்த கிரான்மர், ரிட்லி, லாட்டிமர் ஆகிய ஆயர்களுக்கே ஆளனுப்பிக் கேட்டிருக்கிறாள். பின்னாளில் எரித்துக் கொல்லப்பட்ட மூவர். செய்யலாம், பழைய சடங்குகளில் அதுதான் குறைவாகக் கெட்டுப்போனது என்று பதில் வந்தது. செய்தாள். ஆனால் சடங்குக்கு உப்பு முடிந்துகொடுக்க வேண்டிய கைக்குட்டையில் சர்க்கரையை முடிந்துகொடுத்தாள். பாதிரியாருக்குத் தெரியவே இல்லை. எண்பத்தைந்து வயதிலும் அதை மறக்காமல் எழுதிவைத்திருக்கிறாள் என்றால் அந்தச் சர்க்கரை அவளுக்கு எவ்வளவு இனித்திருக்கும்!

ஆன்ட்வெர்ப்பில் அடுத்த குழந்தை. அங்கே ஒரு வழக்கம், குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகும் வீட்டு வாசலில் மெல்லிய துணி தொங்கவிடுவார்கள். இவள் வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வாசல். இரண்டு வாசலிலும் துணியைத் தொங்கவிட்டாள். இந்தத் தெருக்காரர்கள் அந்தப் பக்கமாகப் போயிருப்பார்கள் என்று நினைத்தார்கள், அந்தத் தெருக்காரர்கள் இந்தப் பக்கமாக. குழந்தைக்கு ரகசியமாகத் தங்கள் முறைப்படி செய்துகொண்டார்கள்.

இப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளை வாங்கிய வீடு இது என்று தெரிந்தால்தான் அடுத்த கதை புரியும். 1606, 1607 வாக்கில் ஜான் ஸ்மித் என்ற போதகரின் தலைமையில் இந்த ஊரில் ஒரு சபை சேர்ந்தது. அரசாங்கத் திருச்சபை வேண்டாம், நாங்கள் எங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு தனியாக வழிபடுகிறோம் என்றவர்கள். சட்டப்படி குற்றம். அவர்கள் கூடியது இந்த மாளிகையில்தான், ஹிக்மன் கண்டும் காணாமல் இடம் கொடுத்தார் என்பது ஊர்வழக்கு. நேர்ச் சாட்சியாக ஒரு காகிதம் கிடையாது. எனக்கென்னவோ ரோஸின் நினைவுகளைப் படித்தபிறகு அந்த ஊர்வழக்கைத் தள்ளிவிட மனம் வரவில்லை. வாசலில் துணி தொங்கவிடத் தெரிந்த குடும்பம்.

ஸ்மித்தின் சபை 1608 வாக்கில் ஆம்ஸ்டர்டாம் போனது. அதிலிருந்து பிரிந்துவந்த தாமஸ் ஹெல்விஸ் 1612ல் லண்டனில் நிறுவியது இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்ட் சபை. பக்கத்து ஸ்க்ரூபி கிராமத்துக் கூட்டத்தில் இருந்த புரூஸ்டரும் பிராட்ஃபோர்டும் ஹாலந்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1620ல் மேஃபிளவரில் ஏறினார்கள். நான் எழுதவந்த ரெண்டு பக்கம் இவ்வளவுதான், இன்னொரு சமயம் விரிவாகப் பார்ப்போம்.

18ஆம் நூற்றாண்டில் ஹிக்மன் குடும்பம் ஊருக்கு வெளியே தோனக்கில் புது வீட்டுக்குப் போய்விட்டது. அப்புறம்தான் வீட்டின் சுவாரசியமான காலம், ஆனால் அதைக் காட்சிப் பலகைகள் ஒரே பத்தியில் முடித்துவிடுகின்றன. ஜான் வெஸ்லி 1759ல் இந்தக் கூடத்தில் பிரசங்கம் செய்தார். பிறகு துணி நெய்யும் இடம், நாடகக் கொட்டகை, நடனக் கூடம், தொழிலாளர் படிப்பகம், ஏழைகளுக்கு வாடகைக்கு விட்ட சின்னச் சின்ன அறைகள். ஜார்ஜ் எலியட் 1860ல் வெளியிட்ட 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' நாவலில் வருகிற ஊருக்கு கெயின்ஸ்பரோதான் மாதிரி, அதில் இந்தப் பழைய கூடமும் வருகிறது. பணக்காரக் குடும்பம் இங்கேயே இருந்திருந்தால் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து மோஸ்தரில் இடித்துக் கட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம். கைவிட்டதால் பிழைத்தது. 1949ல் ஊர்க்காரர்கள் நண்பர்கள் சங்கம் ஒன்று வைத்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள், 1970ல் வீடு அரசுக்குக் கொடையாக வந்தது.

கிளம்புகிற நேரத்தில் வழிகாட்டி அம்மா, "பணியாளர் பக்கத்தை இன்னும் பார்க்கலையே?" என்று கூட்டிக்கொண்டு போனார். கைவிளக்கை மரத்தின்மேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். ஒன்றுமில்லாத மரத்தில் மெல்ல மெல்லக் கோடுகள் எழுந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு வி எழுத்து, கன்னிமரியாளைக் குறிப்பது. வட்டத்துக்குள் ஆறிதழ்ப் பூ. கண்ணீர்த்துளி வடிவில் கருகிய சூட்டுத் தழும்புகள். எல்லாம் காப்புக் குறிகள். கெட்ட ஆவி, சூனியம், தீ விபத்து அண்டாமலிருக்க மரத்தில் கீறியும் சுடரைக் காட்டிச் சுட்டும் வைத்தவை. இந்தக் கட்டடத்தைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு 2024 அக்டோபரில் இவற்றைப் பற்றி அறிவித்தது. சுமார் இருபது கீறல்கள், சூட்டுத் தழும்புகள் மட்டும் நூற்றுக்கு நெருக்கம். கணக்கெடுத்தது சம்பளம் வாங்காத ஒரு தன்னார்வலர், இரண்டு வருட வேலை. இவ்வளவு வருடமும் அவை அங்கேயேதான் இருந்தன, எல்லோரும் மேடையையும் கோபுரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் குறிகளில் ஒன்று காப்பு இல்லை. ஒரு பெயர். வில்லியம் ஹிக்மன் என்று எழுதி, எழுத்து முழுவதும் தலைகீழாகத் திருப்பப்பட்டிருக்கிறது. ஒருவன் பெயரைச் சிதைத்து எழுதினால் அவனுக்குக் கேடு வரும் என்ற நம்பிக்கை ரோமானியர் காலத்திலிருந்து வருவது. வீட்டை வாங்கியவர் பெயரும் அதுதான், பின்னால் அதே குடும்பத்தில் அதே பெயரில் இன்னொருவரும் உண்டு. எந்த வில்லியமாக இருந்தாலும் வீட்டு எஜமான். எழுதியவர் பெயர் எங்கும் இல்லை, இருந்திருந்தால் வேலை போயிருக்கும். எழுதப்படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர், எஜமானுக்கு என்ன கோபத்தாலோ, யாரும் பார்க்காத நேரத்தில் கத்தியை எடுத்திருக்கிறார்.

"அவர் மேலே என்ன கோபமாம்?" என்று கேட்டேன்.

"சம்பளமா இருக்கும்" என்றார் அந்த அம்மா, விளக்கை அணைத்துக்கொண்டே. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று அவசரப்படுத்தினார். எனக்கும் ரயில் இருந்தது.